அம்மா கழுவாத கூனி

எங்கள் அம்மா மீன் கழுவினால் பூனைகூட எட்டிப் பார்க்காது. கல்லுப்புப் போட்டு அம்மிக்கல்லில் உரசி, மஞ்சள் தடவி, புளித்தண்ணீர் விட்டு அலசி, மறுபடியும் உப்பிலிருந்து ஆரம்பித்து, அது மீனா வாழைக்காயா என்று நமக்கே சந்தேகம் வரும்வரை கழுவுவாள். கருவாடு கிடைத்தால் கேட்கவே வேண்டாம். வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, இன்னொரு வெந்நீரில் ஊறப்போட்டு, மோர் விட்டு, கடைசியில் சட்டியில் விழும்போது அந்தக் கருவாட்டுக்குத் தான் கடலில் இருந்த ஞாபகமே இருக்காது.

அதற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டில் நாங்கள் இருந்தது ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் இருந்த வாடகை வீடு. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் சுத்த சைவம். அத்தனை வருஷமாக நாங்கள் மீன் தின்றது அந்த அம்மாளின் மூக்குக்கு ஒரு நாளும் எட்டியதில்லை. மற்ற பெண்கள் நகையைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். எங்கள் அம்மா வாசனையே இல்லாத அடுப்பங்கரையைக் காட்டிப் பெருமைப்படுவாள். ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்த அப்பா மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கை எப்போதோ இழந்துவிட்டவர். அம்மாவின் இந்தச் சாதனை அவருக்கு மட்டும் தெரியாது.

இந்த வீட்டுக்குத்தான் அண்ணன் ரங்கூனிலிருந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வயசுப் பெண்ணாக வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அண்ணன் ரங்கூனில் ஒரு மர வாடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று அங்கே பேச்சு கிளம்பியதும் பயந்துபோய் ஊர் திரும்பி இங்கே ஓர் அரிசி மில்லில் சேர்ந்தான். அண்ணியின் அப்பா தமிழர், ஜப்பான்காரன் சண்டையில் குண்டு விழுந்து போய்விட்டார். அம்மா பர்மாக்காரி. அண்ணிக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் அதிகம் பேசமாட்டாள். எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்பாள். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டும் "நல்லா இருக்கு" என்றாள். அப்போதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் வந்த மறுநாள் அம்மா அவளுடைய டிரங்குப் பெட்டியை வெயிலில் வைக்கத் திறந்தாள். அடியில் துணிசுற்றிய ஒரு பச்சை ஜாடி. துணியை அவிழ்த்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ விழுது. கப்பலில் வந்த ஏதோ ஊறுகாய் கெட்டுப்போய்விட்டது, பாவம், புதுப் பெண்ணுக்குத் தெரிந்தால் வெட்கப்படும் என்று அம்மா முடிவு செய்தாள். யாருக்கும் சொல்லாமல் அதைக் கிணற்றடி எலுமிச்சை மரத்தின் கீழ் புதைத்தாள். ஜாடியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, காயவைத்து, அதில் உப்பு எலுமிச்சங்காயை நிரப்பி அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி ஜாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "நல்லா இருக்கு" என்றாள்.

விஷயம் வெளியே வந்தது மசக்கையில்தான். அண்ணிக்கு எதைத் தின்றாலும் குமட்டியது. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்தில் கலெக்டர் உத்தரவைவிட உறுதியான விஷயம். அம்மா அண்ணியை உட்காரவைத்துக் கேட்டாள்.

"இன்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லும்மா. மாங்காவா? சாம்பலா? செங்கல்லா? எதுன்னாலும் சொல்லு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு "நாப்பி" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினான். பொடி இறாலை உப்புப் போட்டு, வெயிலில் வைத்து, இடித்து, ஜாடியில் அடைத்துப் புளிக்கவிட்ட விழுது. அங்கே அது இல்லாமல் சோறு இறங்காது. ஒரு துண்டை நெருப்பில் சுட்டு மிளகாய், பூண்டோடு இடித்து வைத்தால் வெறும் வெள்ளரிக்காயையும் மாங்காயையும் தொட்டுக்கொண்டே ஒரு பானைச் சோறு தின்னலாம். குழம்பில் போடலாம், கீரையில் போடலாம். கருஞ்சிவப்பாக இருக்கும், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று அவன் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பச்ச ஜாடியில வருமா அது?" என்று கேட்டாள்.

அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். பெருச்சாளி முந்திக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் எலுமிச்சை மரம் முன்னெப்போதும் இல்லாதபடி காய்த்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நாப்பிக்கு மாற்றுத் தேடும் படலம் ஆரம்பமானது. அம்மாவுக்குத் தப்பு செய்த மனசு. எப்படியாவது அதேபோல ஒன்றை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று இறங்கினாள். முதலில் நெத்திலிக் கருவாடு வாங்கி, தன் வழக்கப்படி கழுவி, வறுத்து, இடித்துப் பொடியாக்கினாள். மணல் நிறத்தில் மணல் மாதிரியே இருந்தது. அண்ணி ஒரு வாய் வைத்தாள், "நல்லா இருக்கு" என்றாள், எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அடுத்தது சென்னாக்கூனி. எங்கள் கடற்கரையில் கிடைக்கும் பொடிப் பொடியான இறால். காயவைத்துப் படியில் அளந்து விற்பார்கள். அண்ணன் சொன்ன பொடி இறாலுக்கு இது சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அதையும் ஏழு தண்ணீர் கழுவி, தேங்காயும் புளியும் வைத்து வறுத்துத் துவையலாக அரைத்தாள். பிரமாதமான துவையல். அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் அம்மியையே வழித்துத் தின்றோம். அண்ணியின் இலையில் மட்டும் அது வைத்த இடத்திலேயே இருந்தது.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு ரயிலேறிப் போய்த் துறைமுகப் பக்கமெல்லாம் விசாரித்தான். கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரன், "இதுவும் மீன்லதான் செய்யறாங்க, இங்கிலீஷ்காரன் உசுர வுடுவான்" என்று சத்தியம் செய்து ஒரு பாட்டில் கருப்புத் தண்ணீரைத் தலையில் கட்டிவிட்டான். புளிப்பாக, காரமாக, மருந்து மாதிரி இருந்தது. அண்ணி அதற்கு "நல்லா இருக்கு"கூடச் சொல்லவில்லை. அப்பா அதை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்தார்.

இதற்குள் அண்ணி பாதியாகிவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், வளையல் முழங்கைவரை ஏறியது. அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நானும் போனேன். டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். உடம்பில் ரத்தமே இல்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். பிறகு அண்ணியே வாய் திறந்து ஒன்று கேட்டாள். பிரசவத்துக்கு ரங்கூன் போகலாமா?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு அப்படியில்லை, அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். எங்கள் முறையும் அதுதான், அதை மறுத்துப் பேச அம்மாவிடம் வாயில்லை. அங்கே தாய்க்காரி தனியாக இருக்கிறாள், வா வா என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் எங்கள் எல்லாருக்கும் இன்னொன்றும் தெரியும். அண்ணி கப்பல் ஏறினால் அண்ணனும் ஏறுவான். பர்மாக்காரப் பெண்டாட்டியோடு வந்தால் பழையபடி சேர்த்துக்கொள்கிறேன் என்று அந்த மர வாடி முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். அரிசி மில் சம்பளத்தில் அண்ணனுக்கு ஒட்டுதல் இல்லை. போனால் போனதுதான். பிள்ளை, மருமகள், பிறக்கப்போகிற பேரப்பிள்ளை, எல்லாம் ஒரே கப்பலில்.

டாக்டரம்மா சொன்னார்: "இந்த உடம்போட கப்பல்ல போகவே கூடாது. நல்லாத் தேறினா ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள போகலாம். அதுக்கப்புறம் கப்பல்காரங்களே ஏத்த மாட்டாங்க."

ஆக, அண்ணி சாப்பிட்டுத் தேறினால் போய்விடுவாள். தேறாவிட்டால் இங்கேயே இருப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் சொன்னேன். அப்போது எனக்கு இந்த மாதிரி விஷயங்களை வாயைத் திறந்து சொல்லிவிடும் வியாதி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அம்மா நடுத்தெருவில் நின்றாள். "அதுக்கு? பட்டினி போட்டு வூட்ல கட்டிவைக்கச் சொல்றியா? புள்ளத்தாச்சிய?" என்றாள்.

அடுத்த வாரம் நானும் அண்ணியும் மகாபலிபுரம் போனோம். கடற்காற்று பட்டால் பசி எடுக்கும் என்று அப்பா சொன்ன யோசனை. அவர் சொன்னதில் பலித்தது இது ஒன்றுதான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் கோயிலையும் கல் யானையையும் பார்க்கப் போனார்கள். அண்ணி நேராகக் குப்பத்துப் பக்கம் நடந்தாள். மணலில் கூனியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். சில பெண்கள் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதையெல்லாம் தாண்டிப் போனாள். ஒரு குடிசையின் பின்னால், தென்னை மரத்தடியில், ஓலையால் மூடிய ஒரு பானை. அதன் முன்னால் நின்றாள். நான் மூன்று கஜத்துக்கு முன்பே நின்றுவிட்டேன். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

குடிசைக்காரி வந்தாள். அண்ணி பானையைக் காட்டி அது என்ன என்று கேட்டாள்.

"அதுவா? மழையில நனைஞ்சி கெட்டுப்போன கூனிம்மா. உப்பக் கொட்டி மூடி வச்சிகீறேன். தென்னைக்கு எருவு."

"எனக்கு அது வேணும்," என்றாள் அண்ணி.

"உங்க வூட்ல தென்ன கீதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். நான், "இல்ல, சாப்பிடறதுக்கு," என்றேன்.

அந்த அம்மாள் அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள், ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"இன்னாடி பொண்ணே, வூட்ல இதுக்குச் சோறு கீறு போடறதில்லியா? புள்ளத்தாச்சி எருவத் துன்றதுக்கு அலைஞ்சிகினு கீது! நல்ல கூனி கீது, வெள்ள வெளேர்னு. அத்த வாங்கிக்கினு போ. இத்த நான் குடுக்கமாட்டேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

அவள் பேசி முடிப்பதற்குள் அண்ணி ஓலையை விலக்கி, சுண்டுவிரலை உள்ளே விட்டு, எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். குடிசைக்காரி போட்ட கூச்சலில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் ஓடிவந்தார்கள். காக்கைகளுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற அண்ணி, திறந்ததும் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பல்வரிசை அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி வறுத்த மீன் கொண்டுவந்தாள், எல்லாருமாக அண்ணியை உட்காரவைத்து ஊட்டாத குறையாகக் கவனித்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அண்ணி கஞ்சிக்கு அந்தப் பானையிலிருந்தே தொட்டுக்கொண்டு இரண்டு சட்டி குடித்தாள். அதைப் பார்த்தபிறகுதான் குடிசைக்காரி இறங்கிவந்தாள். ஓலைப்பெட்டியில் அள்ளி வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க. தென்னைக்குன்னு சொல்லித்தான் நான் குடுக்கறேன்." காசு வாங்கிக்கொள்ளவில்லை. எருவுக்குக் காசு வாங்கலாம், இதற்கு எப்படி வாங்குவது என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது கண்டக்டர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாரையும் நேராகக் கேட்காமல், "பொணத்தெல்லாம் பஸ்ஸில ஏத்தக்கூடாதுன்னு ரூல் கீது" என்று பொதுவாக அறிவித்தார். பெட்டி பஸ் கூரைக்குப் போனது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது எனக்கு ஒரே கவலை. மலைமேல் தினமும் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகிற அந்தக் கழுகுகள், இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு எங்கள் பஸ்ஸைத் தேடி இறங்கினால் ஊர் எங்களைச் சும்மா விடாது. நல்லவேளையாக அவை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். இதுதான் அது, கிடைத்துவிட்டது, அண்ணி இரண்டு சட்டி கஞ்சி குடித்தாள் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் போய்ப் படுங்கள், களைத்து வந்திருக்கிறீர்கள் என்றாள். படுத்தோம். எழுந்து வந்தபோது அம்மா கிணற்றடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் ஒரு கைப்பிடி வெள்ளைச் சக்கை. மீதி எல்லாம் வாய்க்காலில் கலந்து எலுமிச்சை மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எட்டு தண்ணி கழுவினேன்," என்றாள் அம்மா சந்தோஷமாக. "இப்ப மோந்து பாரு. ஒரு நாத்தம் கீதா?"

அண்ணி முறத்தைப் பார்த்தாள். அப்படியே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். குழந்தை மாதிரி வாய்விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். வந்த நாள்முதல் அடக்கிவைத்த எல்லா "நல்லா இருக்கு"களும் வெளியே வந்தன. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள்கூட எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

அம்மா முறத்தைப் பிடித்தபடி விழித்தாள். "இன்னாடி ஆச்சி இவளுக்கு? நாத்தந்தான் போயிடிச்சே?"

"அந்த நாத்தம்தாம்மா அவங்களுக்கு வேணும்," என்றேன்.

"நாத்தமா?"

"அதுதான் ருசியே."

அம்மா வாழ்நாளெல்லாம் உப்பும் மஞ்சளும் புளியும் போட்டு எதை ஒழித்துக்கொண்டிருந்தாளோ அதைத்தான் ஒருத்தி ஊரைவிட்டு வந்து பட்டினி கிடந்து கேட்கிறாள். இதை ஜீரணிக்க நேரமாகும்தான். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியலம்மா," என்றாள். "நீ சொல்லிக்குடு. நான் செய்யறேன்."

மறுநாள் அம்மாவே பஸ் ஏறிப் போய்ப் பச்சைக் கூனி வாங்கிவந்தாள். கொல்லையில் வேலை ஆரம்பமாயிற்று. அண்ணி முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அம்மா முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, கூனியில் உப்பைப் பிசறி வெயிலில் பரப்பினாள். கழுவாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். கை தானாகச் செம்பைத் தேடிப் போகும். அண்ணி "அத்தை" என்பாள், கை திரும்பி வரும். கடைசியில் அம்மா தானே செம்பை எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். உரலில் இடித்தாள், மறுபடி காயவைத்தாள், மறுபடி இடித்தாள். அந்தப் பச்சை ஜாடியிலிருந்து எலுமிச்சங்காயை வெளியேற்றிவிட்டு அதிலேயே அடைத்தாள். தெருநாய்கள் எங்கள் கொல்லைச் சுவரோரம் குடியேறின. பக்கத்துக் குடித்தனத்து ஜன்னல் சாத்தியே கிடந்தது. அந்த அம்மாள் ஒரு நாள் வாசலில் நின்று, "உங்காத்துல எலி ஏதாவது செத்துக் கிடக்கா பாருங்கோ," என்று தன்மையாகக் கேட்டாள். எந்த வாசனைக்காக அம்மா அத்தனை வருஷம் பயந்தாளோ அது சுவரேறிக் குதித்துப் போய்விட்டது. அம்மா, "எலி இல்ல மாமி. என் மருமவளுக்கு ஊறுகா போட்டுகினு கீறேன்," என்றாள். பெருமையாகச் சொன்னாள் என்றே எனக்குப் பட்டது.

அது ரங்கூன் நாப்பி இல்லை என்று அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அங்கத்தியது இன்னும் மழமழப்பாக இருக்குமாம், இது கொஞ்சம் நறநறக்கிறதாம், உப்பும் ஒரு கை கூடுதலாம். ஆனால் சாப்பிட்டாள். ஒரு துண்டைச் சுட்டு, மிளகாயும் பூண்டும் வைத்து இடித்து, மாங்காயைத் தொட்டுக்கொண்டு, வட்டில் வட்டிலாகச் சாப்பிட்டாள். கன்னம் பூசிக்கொண்டது. வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்று கேட்கத் தொடங்கினாள். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டியைக் கரண்டியால் வழிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். போட்டுப் போட்டு நீயே அவளைக் கப்பலில் ஏற்றுகிறாய் என்று கத்தலாம் போல வரும். ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சாடையாகச் சொன்னேன். "துன்றவள நடுவுல பேசாத," என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே பெண்தானா என்று சீட்டில் பேரையும் சரிபார்த்தார். "நல்லாத் தேறிட்டாங்க. தாராளமாக் கப்பல்ல போகலாம். என்ன கொடுத்தீங்க?" என்றார்.

"வூட்டு சாப்பாடுதாங்க," என்றாள் அம்மா.

அண்ணன் சென்னைக்குப் போய் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தான். ஏழாம் மாசம் முடிவதற்குள் கிளம்புகிற கடைசிக் கப்பல் அது. அதை விட்டால் அடுத்தது டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு அப்புறம்தான். அப்பா, ஸ்டேஷனில் கூட்ஸ் அனுப்புகிற பழக்கத்தில், எத்தனை உருப்படி, எத்தனை கயிறு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு பங்கு கூனி வாங்கிவந்து இன்னொரு ஜாடி போட ஆரம்பித்தாள். நாப்பி விளையும் ஊருக்கு நாப்பி எதற்கு என்று நான் கேட்டேன். "கப்பல்ல இன்னாத்தத் துன்னுவா?" என்றாள்.

புறப்படுகிற நாள் காலை. மூட்டை கட்டியாயிற்று. அண்ணன் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். ஜாடியைக் கொடுத்தால் கட்டிக்கொள்ளலாம் என்றான்.

அம்மா கொல்லையில் ஜாடியின் முன்னால் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். வாசற்படியில் நின்ற எனக்குக் கண் எரிந்தது. சுவரோரத்து நாய்கள் எழுந்து நின்றன. அம்மா முந்தானையைக் கட்டிக்கொள்ளவில்லை. வெறும் முகத்தை அப்படியே ஜாடியின் வாயில் வைத்து மூச்சை இழுத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

"இது இன்னும் ஆவல," என்றாள்.

"ஆயிடுச்சும்மா. இங்க வரைக்கும் அடிக்குது," என்றான் அண்ணன்.

"ஆவல. இன்னும் நாறணும். இப்டியே குடுத்தா வழியில பூத்துடும். புள்ளத்தாச்சி பொண்ணு, அரைகொறையா குடுத்து அனுப்ப மாட்டேன். இன்னும் நாளு கீது இதுக்கு." நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள். அவிழ்த்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

அது ஆகிவிட்டது என்று மூக்கு செத்துப்போன அப்பாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அண்ணி போகக் கூடாது என்று அதுவரை நான் மனசில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் "துன்றவள நடுவுல பேசாத" என்று என்னை அடக்கிய அம்மாவே இப்போது பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுண்டுவிரலை ஜாடியில் விட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்ததும் அண்ணனைப் பார்க்கவில்லை, கட்டி வைத்த மூட்டையைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். அண்ணியின் முகத்தில், ரங்கூனில் தனியாகக் காத்துக்கொண்டிருந்த தன் தாயின் நினைப்பு ஒரு நிமிஷம் வந்துபோனது என்றுதான் நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆமாம் அத்தை," என்றாள். "இன்னும் ஆகல. நாளாகும்."

அம்மாவின் கையிலிருந்து துணியை வாங்கி ஜாடியின் வாயை அவளே இறுக்கிக் கட்டினாள். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.